பொழுது சுருங்கினால் மொச்சை பூக்கும்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை வீட்டையும் தோட்டத்தையும் பற்றித்தான். எனக்கு வருஷத்திலேயே பிடித்த மாதங்கள் என்பதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டீச்சர், என் மகள் டொராண்டோவில் இருக்கிறாள். அக்டோபர் பிறந்தால் தினமும் ஒரு படம் அனுப்புவாள். தெருவெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக இலை. "நம்ம ஊர்ல இதெல்லாம் எங்கம்மா இருக்கு?" என்கிறாள். நமக்கு அப்படி ஒரு பருவமே கிடையாதா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: இருக்கிறதம்மா. ஆனால் அதை இலையில் தேடினால் கிடைக்காது.

உங்கள் மகள் பார்க்கிற மேப்பிள், பகல் பொழுதை அளந்து வாழ்கிற மரம். பகல் குறையக் குறைய இலையில் உள்ள பச்சையத்தைச் சிதைத்து, சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பச்சை போனதும் கோடை முழுக்க அதற்கடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும். சிவப்பு மட்டும் அந்த நேரத்தில் புதிதாக உண்டாவது. பிறகு காம்பு கழன்று இலை விழுந்துவிடும். டொராண்டோவில் ஜூன் மாத நெட்டைப் பகலுக்கும் டிசம்பர் மாதக் குட்டைப் பகலுக்கும் சுமார் ஆறரை மணி நேரம் வித்தியாசம். கிருஷ்ணகிரியில் ஒன்றரை மணி நேரம்தான். நம் வேம்பும் புங்கனும் இலை கொட்டுவது மாசி, பங்குனியில், தண்ணீரை மிச்சம் பிடிப்பதற்காக. ஐப்பசி மழையில் மண் குளிர்ந்து கிடக்கும்போது அவை ஏன் கொட்டப்போகின்றன?

ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தையும் தவறாமல் கண்டுகொள்கிற செடிகள் நம்மிடம் உண்டு. சாமந்தி அப்படி. நாட்டு மொச்சை அப்படி. சித்திரையில் மொச்சையை ஊன்றிப் பாருங்கள், கொடி கூரை ஏறும், இலை தழைத்துத் தள்ளும், பூ மட்டும் வராது. பொழுது சுருங்கி இரவு நீண்ட பிறகுதான் தலையை நீட்டிப் பூவெடுக்கும். நான் தாவரவியல் சொல்லிக்கொடுத்த காலத்தில் இந்த ஒரு பாடத்தைக் கரும்பலகையில் நடத்தியதே இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ராகிக் காடு இருந்தது. சில சால் ராகிக்கு நடுவே ஒரு சால் மொச்சை விதைத்திருப்பார்கள். பிள்ளைகளை வரப்பில் வரிசையாக நிற்கவைத்து, "இந்தச் செடிக்குக் கடிகாரம் எங்கே இருக்கு, சொல்லுங்க" என்று கேட்பேன்.

மகளுக்கு ஒரு மொச்சைப் பூவைப் படமெடுத்து அனுப்புங்கள். அவள் ஊரில் இலை சிவப்பதற்கும் நம் ஊரில் இது பூப்பதற்கும் காரணம் ஒன்றுதான் என்று கீழே எழுதுங்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு பெங்களூரா மாமரம். பன்னிரண்டு வயது. மழைக்குக் கிளைகள் அடர்ந்து சமையலறை ஜன்னலை இருட்டாக்குகின்றன. இப்போது கழித்துவிடலாமா? உரமும் தண்ணீரும் எவ்வளவு?
– வாசகர், பர்கூர்

பதில்: இப்போது கத்தியை எடுக்காதீர்கள், ஐயா. மாமரத்தைக் கழிக்கிற காலம் காய் இறக்கி முடித்த கையோடு, ஆடி கடைசியிலிருந்து ஆவணிக்குள். அப்போது வெட்டினால் வருகிற துளிர் முற்றுவதற்குச் சில மாதங்கள் கிடைக்கும். முற்றிய கிளைதான் மார்கழி, தைக் குளிரில் பூவெடுக்கும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு கார்த்திகையில் உங்களைப் போலவே வெளிச்சத்துக்காக ஆள் விட்டு நன்றாகக் கழித்துவிட்டேன். தை மாதம் எங்கள் ஊர்த் தோப்பெல்லாம் பூத்து, தெருவில் நடந்தாலே அந்த வாசனை. எங்கள் மரம் மட்டும் செம்பு நிறத்தில் தளதளவென்று துளிர் விட்டு நின்றது. பார்க்க அழகுதான். அந்த வருஷம் ஊறுகாய்க்கு மாங்காய் விலைக்கு வாங்கினோம்.

காய்ந்த குச்சிகளை ஒடித்துவிடுங்கள். கிளையில் புல்லுருவி ஒட்டியிருந்தால் அது பழுத்துப் பறவை தின்பதற்கு முன்னால், ஒட்டிய இடத்தோடு சேர்த்து அறுத்தெடுங்கள். மழை தருகிற தண்ணீர் போதும், நீங்கள் ஊற்ற வேண்டாம். பூவெடுப்பதற்கு முன் மரத்துக்கு ஓய்வு வேண்டும். உரத்தையும் இப்போது வைக்காதீர்கள். மழை விட்ட மாலையில் ஒரு நாற்காலியைப் போட்டு மரத்தடியில் உட்காருங்கள். காற்று ஒரு தரம் அசைந்தால், நின்றுபோன மழை உங்களுக்கு மட்டும் இன்னொரு முறை பெய்யும். ஜன்னல் இருட்டை ஆவணி வரை பொறுக்கலாம்.

கேள்வி: மலையிலிருந்து கொண்டுவருகிற சீத்தாப்பழத்தை எப்படிப் பார்த்து வாங்குவது? வாங்கினால் ஒன்று கல்லாக இருக்கிறது, இல்லையென்றால் கூழாகிவிடுகிறது.
– வாசகி, ஊத்தங்கரை

பதில்: கல்லாக இருப்பதையே வாங்குங்கள், ஆனால் கண்ணுக்குக் கண் இடைவெளி விரிந்து, அந்தப் பள்ளம் வெளுத்து மஞ்சள் தட்டியிருக்க வேண்டும். பள்ளம் பச்சையாக இருந்தால் பிஞ்சில் பறித்தது, வைத்தால் கறுக்குமே தவிர பழுக்காது. அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு மறுநாள் முதல் காலையும் மாலையும் தொட்டுப் பாருங்கள். தொட்டவுடன் நெகிழ்ந்தால் அந்த வேளையே சாப்பிட்டுவிட வேண்டும். கொட்டையைக் குழந்தைகள் நசுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தத் தூள் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை.

கேள்வி: எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். கல்யாணமாகித் தர்மபுரி வந்து இரண்டு வருஷம். கார்த்திகை கடைசியில் மொச்சை வர ஆரம்பித்தால் எங்கள் அத்தை படி படியாக வாங்கி ஊறவைத்து, உட்கார்ந்து பிதுக்கச் சொல்கிறார். ஒரு சாயங்காலமே போய்விடுகிறது. சந்தையில் பிதுக்கியே விற்கிறார்களே, வாங்கினால் என்ன குறை?
– வாசகி, தர்மபுரி

பதில்: ஒரு குறையும் இல்லை, கண்ணு. வேலைக்குப் போகிறவளாக இருந்தால், நேரமில்லாத நாளில் தாராளமாக வாங்கு. ஆனால் வருஷத்துக்கு நாலு தடவையாவது அத்தையோடு முறத்தின் முன்னால் உட்கார் என்று கேட்டுக்கொள்வேன். காரணம் சொல்கிறேன்.

முதலில் காய். பனியில் நின்ற நாட்டு மொச்சைக்காயின் மேல் எண்ணெய் தடவினாற்போல் ஒரு பிசுக்கு இருக்கும். உரிக்கும்போது அது விரலில் ஏறிக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் ராத்திரி வரை போகாத வாசனை. பிதுக்கி விற்பதை வாங்குகிறவர்களுக்கு அந்த வாசனை வந்து சேராது. பச்சையாக இருக்கிற கொட்டைக்கு மூன்று நான்கு மணி நேரம் ஊறினால் போதும். கொஞ்சம் முற்றியதை ராத்திரியே ஊறப்போட வேண்டும். தோல் கொட்டையை விட்டு லேசாக உப்பி நின்றால் பதம். அப்போது கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, நகம் படாமல் சதையால் மட்டும் அழுத்து. சளுக்கென்று பருப்பு எதிரே பாயும். தோல் ஈரப் பையைப் போல விரலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பருப்பு இளம்பச்சையாக, இரண்டு பாதியும் பிரியாமல் வழுவழுவென்று இருக்கும். பழகாத கைக்கு முதல் நூறு பருப்பு சுவருக்கும் மடிக்கும் போகும். பரவாயில்லை. தோலை எறியாதே, பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

எங்கள் அம்மா வீடு பென்னாகரம் ரோட்டில். அம்மா அதிகம் பேசாதவர். சமைக்கும்போது பேச மாட்டார், துணி மடிக்கும்போது பேச மாட்டார். மொச்சை பிதுக்கும்போது மட்டும் பேசுவார். 1965 அக்டோபரில் தர்மபுரி தனி மாவட்டமானதற்கு முன்பு, ஒரு பட்டாவுக்காகத் தாத்தா சேலம் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்ததும், ஒரு முறை வெறுங்கையோடு திரும்பி வந்தவர் யாரிடமும் பேசாமல் ராகி அரைக்க உட்கார்ந்ததும் எனக்கு அப்படித்தான் தெரியும். கை தானாக ஓடும், கண் பருப்பில் இருக்கும், முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததெல்லாம் அப்போது வாயில் வரும். உன் அத்தையிடம் அவருடைய அம்மா வீட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பார்.

குழம்புக்கு: வரமிளகாய், தனியா, ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, கொஞ்சம் கசகசா வறுத்து, தேங்காய், சின்ன வெங்காயம், பூண்டோடு அரைத்துக்கொள். வெங்காயமும் தக்காளியும் வதக்கி, மசாலாவைக் கொதிக்கவிட்டு, அதில் பருப்பைப் போடு. குக்கர் வேண்டாம், குழைந்துவிடும். திறந்த பாத்திரத்தில் கால் மணி நேரத்தில் வெந்துவிடும். களிக்கு நொய்யை முதலில் வேகவிட்டு, ராகி மாவைக் குவியலாகப் போட்டு, மாவு உள்வரை வெந்த பிறகே கிண்டு. உருண்டையின் நடுவில் குழி செய்து குழம்பை ஊற்றிச் சாப்பிட வேண்டும். வெளியே தூறல் இருக்கிற ராத்திரியாகப் பார்த்துச் செய். ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர்கள் இதே பருப்பை ஹிதகபேளே என்று கொண்டாடுவார்கள். ஆனால் களிக்கு நம் குழம்புதான் என்று அடித்துச் சொல்வேன்.

கேள்வி: மாடித் தோட்டத்தில் தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் எடுத்துவிட வேண்டுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: கட்டாயம் எடுத்துவிடுங்கள். வேரும் அழுகும், கொசுவும் சேரும். முட்டை கொசுவாவதற்கு ஏழிலிருந்து பத்து நாள் போதும். தட்டை எடுக்க முடியாத இடத்தில் வாரத்துக்கு ஒரு முறையாவது கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள்.

கேள்வி: வயது எழுபத்திரண்டு. பெங்களூரிலிருந்து பேரப்பிள்ளைகள் கார்த்திகை தீபத்துக்கு வருகிறார்கள். சின்ன வயதில் சுற்றிய மாவலியை அவர்களுக்குக் காட்ட ஆசை. செய்முறை பாதிதான் நினைவிருக்கிறது. மழை வேறு பயமுறுத்துகிறது.
– வாசகர், பாலக்கோடு

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், ஐயா. இந்த ஒரு கேள்விக்காகவே இந்த இதழ் எனக்கு இனிக்கிறது.

ஆண் பனையின் காய்ந்த பூக்கதிர்தான் மூலப்பொருள். பனையடியில் தானாக விழுந்து கிடக்கும். இந்த மாதத்தில் நனைந்திருக்கும் என்பதால் முதலில் அடுப்புப் பக்கம் போட்டு நாலு நாள் காயவிடுங்கள். சிறு குழி வெட்டி அதில் போட்டுக் கொளுத்துங்கள். எல்லாம் கங்காகிச் சாம்பலாவதற்கு முன்னால், பச்சை ஓலையும் மண்ணும் போட்டுக் காற்றுப் புகாமல் மூடிவிட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் மறுபடி பற்றிக்கொள்ளும், மறுநாள் திறங்கள். கரியை நைசாக இடித்து, பழைய பருத்தி வேட்டித் துணியில் வைத்து, சுருட்டுப் போல இறுக்கமாகச் சுருட்டி நூலால் கட்டுங்கள். துணி நைலான் கலந்ததாக இருக்கக் கூடாது. பச்சைப் பனை மட்டையை மூன்று பட்டையாகப் பிளந்து, நடுவில் கரிமூட்டையை வைத்து இரு முனையிலும் கட்டி, சுற்றத் தோதான நீளத்துக்குக் கயிறு பூட்டுங்கள். மூட்டையின் மேல் ஒரு கங்கை வைத்து ஊதி, நன்றாகப் பிடித்த பிறகு சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் புகைதான் வரும். வேகம் கூடக் கூடப் பொன்னைத் தூற்றினாற்போல் பொறி வட்டமாக இறங்கும்.

கரியை ஒரு வாரம் முன்னதாகவே செய்து, டப்பாவில் போட்டுப் பரணில் வைத்துவிடுங்கள். அன்று தூறினாலும் தூறல் விட்ட அரை மணி நேரம் போதும், ஈர மண் பொறிக்கு நல்லதுதான். வைக்கோல் போருக்கு எட்டாத வெறும் களமாகப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் பருத்திச் சட்டை, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். முதல் சுற்றை நீங்களே சுற்றுங்கள், தோள் வலித்தால் மகனிடம் கொடுங்கள்.

பனம்பூ கிடைக்கவில்லையென்றால் இதழுக்கு ஒரு அஞ்சலட்டை போடுங்கள். எங்கள் ஏரிக்கரைப் பனைகளின் அடியில் இந்த வருஷம் நிறையக் கிடக்கிறது. காய வைத்து ஒரு பை கட்டி வைத்திருப்பேன்.