சல்லடையை மட்டும் மாற்றுங்கள்

கேள்வி: கணக்குப் போடும் சின்ன கணினி மொழி ஒன்றுக்கு கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள்) எழுதினேன். அடுத்த மொழிக்கு, நிரலின் எழுத்துகளைப் படித்துத் துண்டு துண்டாகப் பிரிக்கும் ஸ்கேனரை மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கிறது. ஒரே ஸ்கேனர் எல்லாவற்றுக்கும் உதவுமா?
- கல்லூரி மாணவி, கோத்தகிரி

பதில்: உதவும் அம்மா. உங்கள் ஊர் டீ ஃபேக்டரியில் தூளைத் தரம் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டும் மெஷின் அதேதான், சல்லடைதான் மாறும். அதுபோல எழுத்துகளைப் படிக்கும் லூப் தனியாகவும், டோக்கன் (பெயர், எண், குறி போன்ற துண்டு) விதிகள் ஓர் அட்டவணையிலும் இருக்கட்டும். 1975-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் லெஸ்க்கும் ஷ்மிட்டும் எழுதிய, ஸ்கேனரை உருவாக்கித் தரும் லெக்ஸ் கருவியும் விதிகளைத் தனியாகத்தான் வாங்கிக்கொள்ளும்.

'இஃப்', 'வைல்' போன்ற, மொழியின் கட்டளைச் சொற்களை லூப்புக்குள் எழுதிவிடாதீர்கள். முதலில் பெயராகப் படித்து, பிறகு அந்தச் சொற்களின் பட்டியலில் தேடுங்கள். '<=' வந்தால் '<' உடன் நிற்கக் கூடாது; இரண்டு குறியையும் சேர்த்து ஒரே டோக்கனாக எடுக்க வேண்டும்.

இன்னொன்று, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. குன்னூரில் மழை விடாத ஒரு வாரம், என் நிரலில் ஒரு மாறிக்கு (மதிப்பு வைக்கும் இடத்துக்கு) 'விலை' என்று பெயர் வைத்தேன். ஸ்கேனர் 'வ'வோடு நின்றுவிட்டது. காரணம் புரிய இரண்டு நாள் ஆனது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் 'வி' என்பது வகரமும் இகரக் குறியும். அந்தக் குறி எழுத்து வகையில் சேராது. ஆகவே பெயருக்குள் எவை வரலாம் என்பதும் அட்டவணையிலேயே இருக்க வேண்டும். தமிழில் பெயர் வைக்க நினைக்கும் பிள்ளைக்கு வழி அடைபடக் கூடாது.

பிழையை ஸ்கேனர் திரையில் எழுத வேண்டாம். வரி எண்ணோடு பிழை டோக்கனாகத் திருப்பித் தரட்டும்.