புதிய குதிரைக்குத் தாடைக்கீழ் வீக்கம்: மற்றவற்றுக்கு இப்போது தடுப்பூசி போடலாமா?

இப்போது போட வேண்டாம். புதிதாக வந்த குதிரைக்கு ஆறாம் நாளில் காய்ச்சலும் மஞ்சள் சளியும் தாடைக்கீழ் வீக்கமும் கண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதே தொட்டியில் நீர் குடித்த மற்ற மூன்றுக்கும் ஏற்கெனவே தொற்றியிருக்கக்கூடும் என்பதால் இப்போது தடுப்பூசி ஏற்றதல்ல. நோயுற்றதைத் தனியே கட்டி, அதற்கென்று வாளியும் கடிவாளமும் ஒதுக்குவதே முதல் வேலை.

பெரும்பாலும் இது ஸ்ட்ராங்கிள்ஸ் என்னும் பாக்டீரியத் தொற்றாக இருக்கும். வாளித் தண்ணீரின் மேல் இழையாக மிதக்கும் சளியே அது பரவப் போதுமானது. பராமரிப்பவரின் கையும் சட்டையும்கூட அதைச் சுமந்து செல்லும்.

மற்ற மூன்றுக்கும் காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பமானி வைத்து அளவைக் குறித்து வையுங்கள். ஓய்விலிருக்கும் வளர்ந்த குதிரைக்கு ஏறத்தாழ 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. அதைத் தாண்டினால், மூக்கு ஒழுகாவிட்டாலும் அன்றே பிரித்துவிடுங்கள். காய்ச்சல் தொடங்கி ஓரிரு நாள் கழித்தே கிருமி பொதுவாக வெளியேறத் தொடங்குகிறது. அந்த இடைவெளியைத் தவறவிடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

கட்டி உடைந்து ஆறிய பின்னும் தொண்டையருகே உள்ள காற்றுப்பைகளில் கிருமி மாதக்கணக்கில் தங்கலாம். கால்நடை மருத்துவர் பரிசோதித்துக் கிருமி இல்லை என்று உறுதிசெய்த பின்பே மந்தையில் சேருங்கள்.

ஒன்றில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. மூக்கினுள் புண்களோ தோலில் வரிசையாக முடிச்சுகளோ தென்பட்டால், வெறுங்கையால் தொடாமல் உடனே மருத்துவரை அழையுங்கள். அது கிளாண்டர்ஸ் என்னும் மற்றொரு பாக்டீரியத் தொற்றாக இருந்தால் மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக்கூடும், அதற்குத் தடுப்பூசியும் இல்லை.