பழைய வீட்டைக் காலி செய்யும்போது எந்தப் பொருளை விட உங்களுக்கு மனம் வரவில்லை? ஏன்?

பேர் வெட்டின ஏனங்களை.

எங்கள் பக்கம் பாத்திரத்தை ஏனம் என்போம். பித்தளையோ வெண்கலமோ எவர்சில்வரோ, கழுத்துப் பக்கம் ஒரு பேரும் தேதியும் வெட்டியிருந்தால் அதை எடைக்குப் போட நான் சம்மதிக்க மாட்டேன். கேள்வி கேட்டவர் அம்மா இருந்த வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறாராம். பரண் நிறையப் பாத்திரம் கிடக்கிறது, தம்பி மொத்தத்தையும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் என்று எழுதியிருக்கிறார். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். பரணிலிருந்து இறக்கியதும் தராசைத் தேடாதீர்கள். துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் பிடித்து, முதலில் எழுத்தை வாசியுங்கள்.

நான் வளர்ந்தது மதுரை செல்லூரில். அப்பத்தா பிறந்தது உசிலம்பட்டி போகிற வழியில் இருக்கும் கருமாத்தூர். அங்கிருந்து வாக்கப்பட்டு வந்தபோது கூடவே வந்தவை ஒரு பித்தளை அண்டா, ஒரு தவலை, ரெண்டு வெண்கலக் கும்பா, ஒரு செம்பு. எல்லாவற்றிலும் ஊர்ப் பேர், அப்பத்தாவின் அய்யாவுடைய முதலெழுத்து, அதன்பிறகு அப்பத்தா பேர். சில வருஷம் கழித்துச் சீட்டுப் பணத்தில் வாங்கிய குடத்தில் முதலெழுத்து மாறி, தாத்தாவுடையது வந்துவிட்டது. தாத்தா காலமான பிறகு வாங்கிய எவர்சில்வர் தூக்கில் முதலெழுத்தே கிடையாது. அப்பத்தா பேர் மட்டும்தான் தனியாக நிற்கிறது. அப்படி வெட்டச் சொல்லி யாரும் யோசனை சொன்னதாகத் தெரியவில்லை, அப்பத்தாவே சொல்லியிருக்க வேண்டும். மகளாக, மனைவியாக, பிறகு தன்னந்தனியாக ஒரு மனுசி வாழ்ந்ததை இந்த மூன்று ஏனங்களை வரிசையாக வைத்தால் வாசித்துவிடலாம்.

வேறு எங்கே அந்தப் பேர் இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். பட்டா தாத்தா பேரில். வீட்டு வரி ரசீது அப்பா பேரில். மொய் நோட்டில் வரிக்கு வரி ஆம்பிளைப் பேர்தான், இன்ன ஊர் இன்னார் மகன் இன்னார் என்று. செய்முறைக்குச் சீர்த்தட்டைச் சுமந்து வந்தவள் பெண், எழுதப்பட்டது அவள் வீட்டுக்காரர். தமிழ்நாட்டில் 1989இல் சட்டத்தைத் திருத்தி மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தார்கள், ஆனால் அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்கு அந்தத் திருத்தம் பொருந்தவில்லை. என் அத்தைகள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். பிறந்த வீட்டிலிருந்து அவர்கள் கைக்குப் போனது நகையும் ஏனமும்தான். நகை அவசரத்துக்கு அழிந்துபோனது. பேர் நின்றது ஏனத்தில். நான் இதைப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கே கையெழுத்துக் கேட்டாலும் கைநாட்டுதான். ஆனால் ஏனத்தில் உள்ள தன் பேரை விரல் நுனியால் தடவியே கண்டுபிடிக்கும். அப்போதெல்லாம் எங்கள் தெருவில் விசேஷம் என்றால் வாடகைப் பாத்திரம் எடுக்க மாட்டார்கள். ஒரு வீட்டு அண்டா, இன்னொரு வீட்டுக் குண்டா, எதிர்வீட்டுக் கரண்டி என்று சேர்த்துத்தான் சமையல். மறுநாள் காலையில் விளக்கிக் கவிழ்த்த ஏனங்கள் முற்றம் முழுக்கக் கிடக்கும். கரண்டிக் காம்பில்கூடப் பேர் இருப்பதால் யாருக்கும் மனஸ்தாபம் வராது. "இந்தா தாயி, இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு" என்று ஆளாளுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியது பாதி பள்ளிக்கூடத்தில், பாதி அந்த முற்றத்தில். அப்பத்தா மட்டும் என்னைக் கூப்பிடாது. தடவிப் பார்க்கும், "இது நம்மது" என்று எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிடும்.

பேர் வெட்டுகிறவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புது மண்டபம் 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. எங்கள் சின்ன வயசில் அது பெரிய கடைத்தெருவாகவே இருந்தது. சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின் ஓடும், பக்கத்தில் பள்ளிக்கூடப் புத்தகம், அடுத்து வளையல், அதற்கடுத்துப் பாத்திரம். ஏனத்தை விலை பேசி முடித்ததும் கடைக்காரர், "பேரு என்ன போடணும்த்தா?" என்பார். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. அதனால்தான் முழுப்பேர் போடுகிற வீடும் உண்டு, முதலெழுத்துகளோடு நிறுத்திக்கொள்கிற வீடும் உண்டு. பேர் வெட்டுகிறவர் ஏனத்தை மடியில் சாய்த்து, சின்ன உளியை வைத்து, சுத்தியலால் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டே போவார். முன்கூட்டி எழுதிப் பார்ப்பதெல்லாம் இல்லை. வளைவான பரப்பில், அதுவும் 'ணை', 'ளை' மாதிரி எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக இறக்குவது எத்தனை கஷ்டம் என்று இப்போதுதான் புரிகிறது.

காதில் விழுந்ததை விழுந்தபடியே வெட்டுவார்கள் போல. எங்கள் தவலையில் ஊர்ப் பேர் 'கருமாத்தூரு' என்று இருக்கிறது. அப்பத்தாவின் அய்யா கடைவாசலில் நின்று அப்படித்தான் சொல்லியிருப்பார். அவருக்குப் போட்டோ கிடையாது, நான் பார்த்ததும் இல்லை. ஆனால் அவர் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அந்த ஒரு 'ரு' என்னிடம் இருக்கிறது.

பின்னால் மின்சார மெஷின் வந்தது. கிர்ரென்ற சத்தத்தோடு எழுத்து ஒரே கோடாக ஓடும். உளியில் வெட்டியது புள்ளிகளாக இருக்கும். தேதி தேய்ந்துபோயிருந்தாலும் புள்ளியா கோடா என்று பார்த்து ஏனத்தின் வயசைத் தோராயமாகச் சொல்லலாம். புது மண்டபத்துக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.

எங்கள் அண்டாவின் அடிப்பக்கம் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு நம்பர் இருக்கும். அது அடகுக்கடை நம்பர். ஜூன் மாதம் அப்பாவுக்கும் அத்தைகளுக்கும் பள்ளிக்கூடச் செலவு வந்தால் அண்டா கடைக்குப் போகும். தாத்தா மில்லில் இருந்தார், ஹார்வி மில் என்று ஊரே சொல்லும் மதுரா மில்லில். தீபாவளிக்கு முன்னால் போனஸ் வந்ததும் அண்டா வீட்டுக்குத் திரும்பும். திரும்பி வந்த அண்டாவுக்கு அப்பத்தா மஞ்சள் குங்குமம் வைக்குமாம், அப்பா சொல்வார். அந்தச் சிவப்பு நம்பரைச் சுரண்டி எடுத்துவிடலாம் என்று அத்தை ஒருமுறை சொன்னபோது அப்பா வேண்டாம் என்றுவிட்டார். அவர் படித்தது அந்த நம்பரில்தான்.

ஈயம் பூசுகிறவரைப் பார்த்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். பித்தளை என்பது தாமிரமும் துத்தநாகமும் கலந்தது. புளிக்குழம்பை அதில் வைத்தால் களிம்பு ஏறிவிடும், அதனால் உள்பக்கம் வெள்ளீயம் பூசியே ஆக வேண்டும். அவர் துருத்தியும் கரிமூட்டையுமாக வந்து வேப்பமரத்தடியில் சின்னக் குழி பறித்து அடுப்பு மூட்டுவார். ஏனத்தைக் காயவிட்டு, நவச்சாரப் பொடியைத் தூவி, ஈயத்தை ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். 232 டிகிரியிலேயே உருகிவிடுகிற உலோகம் அது. பஞ்சை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் மஞ்சளாக இருந்த உட்புறம் நம் கண்ணெதிரே வெள்ளையாகிவிடும். புகை மூக்கில் ஏறும், கண் எரியும், ஆனால் பிள்ளைகள் ஒருத்தரும் நகர மாட்டோம். எவர்சில்வரில் உள்ள குரோமியம் மேலே மெல்லிய படலமாக நின்று காப்பதால் அதற்கு இந்த வைத்தியம் எதுவும் தேவையில்லை. வீட்டுக்கு வீடு எவர்சில்வர் வந்தபின் அவர் வருவதும் நின்றது. அம்மாவுக்கு அதில் வருத்தமே இல்லை. புளியும் சாம்பலும் போட்டு விளக்கிய கை அம்மாவுடையது, அதனால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

இப்போது என்னிடம் இருப்பது அந்தச் செம்பு. அது எப்படி என்னிடம் வந்தது என்பதற்கு அழகரைச் சொல்லாமல் முடியாது.

சித்ரா பௌர்ணமி விடியற்காலையில் அழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குவார். ஏ.வி. பாலத்துக்குப் பக்கத்தில் ஆழ்வார்புரம் கரையில். எங்களுக்கு நடந்துபோகிற தூரம்தான். முதல் நாள் மத்தியானமே அப்பத்தா செம்பை எடுத்து விளக்க ஆரம்பித்துவிடும். புளியைப் போட்டுத் தேய்த்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, கழுவித் துணியால் ஒற்றி, வெயிலில் வைத்துப் பார்த்து, திருப்தி இல்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து. எழுத்துப் புள்ளிகளுக்குள் புளி நின்றுவிடக் கூடாது என்று தென்னை ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்கும். அப்புறம் நாட்டுச் சர்க்கரையைத் தலைதட்ட நிரப்பி, வாயை வாழையிலையால் மூடிக் கட்டி, கழுத்தைச் சுற்றி மல்லிகைச் சரம். நடுராத்திரிக்கு மேல் கிளம்புவோம். தெருவெல்லாம் தண்ணீர்ப் பந்தல், பானகம், நீர்மோர். தோலால் தைத்த பையில் தண்ணீரை நிரப்பிப் பீய்ச்சுகிறவர்கள் சல்லடமும் குல்லாவுமாக வருவார்கள், நாங்கள் நனைந்துகொண்டே போவோம். அழகர் வருகிற நேரம் இலைமேல் சூடத்தை ஏற்றி, செம்பை ரெண்டு கையாலும் தூக்கி, அப்பத்தா "கோவிந்தா" என்று போடுகிற சத்தம் என் தலைக்கு மேலே கேட்கும். எனக்கு அழகர் முகம் தெரியாது, முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். "பச்சைப் பட்டாப்பா, பச்சைப் பட்டா?" என்று எல்லாரும் விசாரிப்பார்கள். பச்சை கட்டி வந்தால் அந்த வருஷம் மழையும் வெள்ளாமையும் செழிக்கும் என்பது நம்பிக்கை. பிறகு கரையில் உட்கார்ந்து சர்க்கரையைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுப்போம். முன்பின் தெரியாதவர்களும் தங்கள் செம்பிலிருந்து நமக்குத் தருவார்கள். சூடத்தின் கரிவாசம் ஏறிய அந்தச் சர்க்கரையின் ருசி வேறு.

கூட்டத்தில் யார் செம்பு யாருடையது என்று கலந்துபோகிற சமயத்திலும் பேர்தான் கைகொடுக்கும். அங்கே செம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அப்பத்தா என்னிடம்தான் கொடுத்துவைக்கும். அந்தக் காரணத்தால், அப்பத்தா போன பிறகு ஏனங்களைப் பிரித்தபோது, "செம்பு இவளுக்கு" என்று பெரிய அத்தையே எடுத்து நீட்டியது. அண்டா பெரிய அத்தைக்கு, கும்பா ஆளுக்கு ஒன்றாகச் சின்ன அத்தைக்கும் அம்மாவுக்கும், குடமும் தூக்கும் சித்தி வீட்டுக்கு. தவலை அப்பா வீட்டிலேயே இருக்கிறது. எடைபோட்டுச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. யாருக்கு எதோடு பழக்கமோ அது அவர்களுக்கு. எங்கள் வீட்டில் எடுத்த முடிவுகளில் இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

என் மகளைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். மதுரையிலிருந்து ராமநாதபுரம் போகிற சாலையில் 12 கிலோமீட்டர், 2023இல் திறந்தது. பானை ஓடுகளில் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் ஆதன், குவிரன் என்று ஆள் பேர்களைக் கீறியிருக்கிறார்கள். சங்க காலத்துக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவள், "அம்மா, இவங்களும் விசேஷ வீட்டுக்கு இரவல் குடுத்திருப்பாங்களோ?" என்று கேட்டாள். எதற்காகக் கீறினார்களோ, அவள் கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அன்று சாயங்காலமே நானும் அவளும் போய் அவள் பேரில் ஒரு பித்தளைச் செம்பு வாங்கி, தேதியோடு பேர் வெட்டிக்கொண்டு வந்தோம். முதலெழுத்தாக என்னுடையதையும் அவள் அப்பாவுடையதையும் சேர்த்துப் போடச் சொன்னாள்.

கேள்வி கேட்டவருக்குக் கைவேலையாகச் சில விஷயங்கள். எழுத்து தேய்ந்து வாசிக்க முடியாவிட்டால் மெல்லிய தாளை அதன்மேல் ஒட்டவைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள், புள்ளிகள் எழும்பிவிடும். அந்தத் தாளிலேயே இது யார், என்ன விசேஷம் என்று அம்மாவின் வயசொத்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள், அவர்கள் இருக்கும்போதே. பேர் இல்லாத ஓட்டை ஏனங்களைத் தாராளமாகத் தம்பி சொல்கிறபடி போட்டுவிடுங்கள். மற்றதைப் பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டு வாசிக்கவைத்துப் பிரியுங்கள். ஈயம் பூசக் கொடுத்தால் உள்பக்கம் மட்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். வெளியே மெஷின் பாலீஷ் போட விட்டுவிடாதீர்கள், ஒரே தேய்ப்பில் பேர் போய்விடும். புளியும் சாம்பலும் போதும்.