வேறு டாக்டரிடம் காட்டினால் இவர் கோபித்துக்கொள்வாரா?

தம்பி, குடியாத்தத்தில் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், அடுத்த வாரமே மார்பை முழுதாக எடுக்கச் சொல்கிறார்கள், வேறு டாக்டரிடம் காட்டினால் இவர் கோபித்துக்கொள்வாரோ என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் காட்டுங்கள். நல்ல டாக்டர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. பயாப்சி (கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்த லேபில், அந்தத் திசுவை வைத்த கண்ணாடி ஸ்லைடுகளையும், அதை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள், ஸ்கேன் சிடியும் வேண்டும். அந்த ஸ்லைடை முதலில் இன்னொரு நிபுணர் பார்க்கட்டும். மற்ற முடிவெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. கட்டி எந்த வகை என்று காட்டும் இ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 பரிசோதனை முடிவுகள் வந்துவிட்டனவா? அதைப் பொறுத்து, சிலருக்கு முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, மார்பை முழுதாக எடுக்காமலே ஆபரேஷன் செய்ய முடிகிறது. அம்மாவுக்கு அது பொருந்துமா என்று அவசியம் கேளுங்கள்.

உங்களுக்கு வேலூர் சி.எம்.சி. பக்கம்தான். செலவு கையைக் கடித்தால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மறக்காதீர்கள்.

ஆபரேஷனை எத்தனை நாள் தள்ளிவைக்கலாம் என்று இப்போதைய டாக்டரிடமே கேளுங்கள். ஓரிரு வாரத்தால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. அப்புறம், நாட்டு மருந்தில் கரைந்துவிடும் என்று யாராவது இழுத்தால் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள்.