கணவர் வீட்டுக் கொள்ளுத்தாத்தாவின் போர்த் தாள்களைத் தேடுவது எப்படி? ஒஹாயோவுக்குப் புதிதாக வந்தவருக்குப் பதில்

வணக்கம்மா. படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி ஒஹாயோ வந்து எட்டு மாதம். கணவர் வீட்டார் பல தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள். கணவரின் பாட்டிக்கு 91 வயது. அந்தப் பாட்டியின் கொள்ளுத்தாத்தா அமெரிக்க உள்நாட்டுப் போரில் (வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதியது, 1861–1865) வடக்குப் பக்கம் நின்று சண்டை போட்டவர் என்று வீட்டில் சொல்கிறார்கள். கையில் இருப்பது ஒரு பெயரும் ஊர்க் கல்லறையில் ஒரு கல்லும்தான். மே மாத நினைவு நாளுக்குள் (போரில் இறந்த வீரர்களை நினைக்கும் நாள்) அவருடைய தாள்களை எடுத்துப் பாட்டி கையில் கொடுக்க வேண்டும். குடியுரிமை இல்லாத என்னிடம் தருவார்களா, எங்கே தொடங்குவது என்கிறீர்கள்.

தருவார்கள். இந்தப் போரின் கோப்புகள் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்து கிடப்பவை. நீங்கள் குடிமகளா, அவருக்கு என்ன உறவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். வாரிசுச் சான்றிதழ் மாதிரி எதுவும் வேண்டாம்.

ஆனால் இணையத்தில் தேட உட்காரும் முன் பாட்டியிடம் உட்காருங்கள். ஆவணக் காப்பகம் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். அவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள்: கொள்ளுத்தாத்தாவின் மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், போருக்கு முன்னும் பின்னும் எந்த கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) இருந்தார்கள், அவர் ஏறக்குறைய எந்த வருஷம் இறந்தார். மனைவி பெயர் மிக முக்கியம். ஒரே பெயரில் பத்து வீரர்கள் இருப்பார்கள். அந்தப் பெயரோடு அந்த மனைவி பெயரும் பொருந்துபவர் பெரும்பாலும் ஒருவர்தான் இருப்பார்.

அடுத்து கல்லறைக் கல். அரசாங்கம் கொடுத்த கல்லாக இருந்தால் தலைப்பக்கம் வளைந்து, நடுவில் குழிவாக ஒரு கேடய வடிவம் வெட்டியிருக்கும். அதற்குள் பெயர், கீழே 'கம்பெனி கே, 5, ஒஹாயோ காலாட்படை' என்பது போலச் சுருக்கெழுத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. (கல்லின் உச்சி கூராக இருந்தால் அது தென்படை வீரருடையது.) எழுத்து தேய்ந்திருந்தால் காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுங்கள். சுண்ணாம்பு, பிரஷ், சோப்பு எதையும் கல்லில் வைக்காதீர்கள். மார்பிள் உதிர்ந்து எழுத்தே போய்விடும்.

படைப்பிரிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், தேசிய ஆவணக் காப்பகத்தில் சேவைக் கோப்புகள் மாநிலம், ரெஜிமென்ட், பிறகு வீரர் பெயர் என்ற வரிசையில்தான் அடுக்கியிருக்கின்றன. ஒரு காலாட்படை ரெஜிமென்டில் பத்து கம்பெனி, முழுப் பலத்தில் சுமார் ஆயிரம் பேர். கம்பெனிகளுக்கு ஏ முதல் கே வரை எழுத்து. நடுவில் ஜே கிடையாது, கையெழுத்தில் ஐ எழுத்தோடு குழம்பும் என்று விட்டுவிட்டார்கள். ஒரு கம்பெனி பெரும்பாலும் ஒரே கவுண்டி ஆட்களால் ஆனது. அதனால் அவர் வாழ்ந்த ஊர் தெரிந்தால், எந்தக் கம்பெனி அந்தப் பக்கத்தில் ஆள் சேர்த்தது என்று பார்த்தே பட்டியலைச் சுருக்கிவிடலாம்.

கல்லில் ஒன்றும் இல்லையென்றால் தேசியப் பூங்காத் துறையின் வீரர் பட்டியல் இருக்கிறது. இலவசம், சுமார் 63 லட்சம் பெயர்ப் பதிவுகள். அத்தனை பேர் சண்டை போட்டதாக அர்த்தமில்லை. ஒரே ஆள் இரண்டு ரெஜிமென்டில் இருந்தால் இரண்டு பதிவு. எழுத்துக்கூட்டு மாறினால் இன்னொரு பதிவு. எழுத்தர் காதில் விழுந்ததைத்தான் எழுதினார். நம் ஊர் ரேஷன் கார்டில் பெயர் படுகிற பாடு தெரியும்தானே, அதே கதை. ஜெர்மன் ஷ்மிட் ஆங்கில ஸ்மித் ஆகியிருப்பார். குடும்பப் பெயரை நான்கைந்து விதமாக எழுதித் தேடுங்கள். முதல் பெயருக்கு முதலெழுத்தை மட்டும் போட்டும் ஒரு முறை தேடுங்கள்.

ஒஹாயோ என்பது உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்த ஒரு மாநிலம் 3 லட்சத்துக்கு மேல் ஆட்களை அனுப்பியது. பின்னால் அரசே 12 தொகுதிகளாக வீரர் பட்டியலை அச்சிட்டது. பெயர், பதவி, சேர்ந்தபோது வயது, சேர்ந்த தேதி, எவ்வளவு காலத்துக்கு, கடைசியில் என்ன ஆனார் என்று ஒரு வரியில் இருக்கும். இணையத்தில் படிக்கலாம். மூன்று இடத்தில் சறுக்கும். 1861-ல் மூன்று மாதத்துக்கென்று எழுப்பிய முதல் ரெஜிமென்டுகளைக் கலைத்து, அதே எண்ணில் மூன்று வருஷத்துக்கு மறுபடி எழுப்பினார்கள். எண் ஒன்றுதான், படை வேறு. 1864-ல் 130-க்கு மேற்பட்ட எண்களில் வந்த பல ரெஜிமென்டுகள் நூறு நாள் சேவைக்கு மட்டும் போனவை. அவற்றில் பலவும் காவல் வேலை பார்த்தவை. 1862 செப்டம்பரில் சின்சினாட்டி நகரைக் காக்கச் சொந்தத் துப்பாக்கியோடு ஓடிவந்த 'அணில் வேட்டைக்காரர்கள்' பெயர் வாஷிங்டனில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகக் கோப்புகளில் இருக்காது. 'தாத்தா போருக்குப் போனார்' என்ற குடும்பப் பேச்சு அதுவாகவும் இருக்கலாம்.

ரெஜிமென்ட் தெரிந்த பிறகுதான் காசு செலவழிக்க வேண்டும். தேசிய ஆவணக் காப்பகத்தில் அவர் பெயரில் சேவைக் கோப்பு, பென்ஷன் கோப்பு என்று இரண்டு இருக்கலாம். இங்கேதான் புதியவர்கள் தப்பு செய்கிறார்கள்: சேவைக் கோப்பு விலை குறைவு என்று அதை மட்டும் வாங்கி நிறுத்திவிடுகிறார்கள்.

சேவைக் கோப்பு என்பது ஒரு உறையும் அதற்குள் சில அட்டைகளும். மஸ்டர் ரோல் என்ற சொல் உங்களுக்குத் தெரியும், நம் ஊரில் நூறு நாள் வேலைக்கும் அதே சொல்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனியை வரிசையில் நிறுத்தி எடுத்த பட்டியல் அது. தாள் கிழியத் தொடங்கியதும் 1880-களிலும் 90-களிலும் போர்த் துறை எழுத்தர்களை உட்கார வைத்து, ஒவ்வொரு வீரர் பெயரையும் தனித்தனி அட்டையில் பெயர்த்து எழுத வைத்தார்கள். அட்டையின் உச்சியில் இடது பக்கம் குடும்பப் பெயரின் முதலெழுத்து, நடுவில் ரெஜிமென்ட் எண், வலப்பக்கம் மாநிலம். கீழே 'ஜனவரி, பிப்ரவரி 1863, வந்திருந்தாரா இல்லையா', சம்பளத்தில் பிடித்தம் எவ்வளவு, எதற்கு, குறிப்பு. அடியில் படி எடுத்த எழுத்தரின் கையெழுத்து. தண்ணீர்க் குடுவையைத் தொலைத்ததற்குப் பிடித்த சில சென்ட்கூட அதில் இருக்கும். சாதாரண வீரரின் சம்பளம் மாதம் 13 டாலர் (1864 ஜூனில் 16 ஆனது) என்பதை மனதில் வைத்து அந்த வரியைப் படியுங்கள். 'ஊக்கத்தொகை கொடுத்தது 25, பாக்கி 75' என்று இருந்தால் சேரும்போது அறிவித்த 100 டாலரின் கணக்கு அது.

'ஓடிப்போனார்' என்ற குறிப்பைப் பார்த்ததும் பாட்டியிடம் சொல்லிவிடாதீர்கள். காய்ச்சலில் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனவரை அவருடைய கம்பெனி ஓடிப்போனவராக எழுதியது சாதாரணம். பின்னால் சட்டம் போட்டு அப்படிப் பல குறிப்புகளை நீக்கினார்கள். நீக்கியதற்கான தனி அட்டை உறைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். நிஜமாகவே ஓடியிருந்தாலும் மறைக்க வேண்டியதில்லை. தென்படையில் சேர்ந்து, அதை விட்டு ஓடி, வடபடையில் சேர்ந்த மோஸ் ட்ரிப்லெட்டின் மகள் ஐரீன் 2020-ல் இறக்கும்வரை அரசு மாதம் 73 டாலர் 13 சென்ட் பென்ஷன் கொடுத்து வந்தது. இந்தப் போரின் கடைசிப் பென்ஷன் அதுதான்.

பென்ஷன் கோப்புதான் பாட்டிக்குக் கொடுக்க வேண்டிய பொருள். காசு இருப்பது ஒன்றுக்கு மட்டும் என்றால் இதையே வாங்குங்கள். கொள்ளுத்தாத்தா போருக்குப் பிறகு நாற்பது வருஷம் வாழ்ந்திருந்தால் அந்த நாற்பது வருஷமும் இதில் இருக்கும். 1862 சட்டப்படி சேவையால் உடல் கெட்டது என்று நிரூபித்தால்தான் பணம். 1890-ல் அது தளர்ந்தது: 90 நாள் சேவை, நல்லபடியாக விடுவிப்பு, இப்போது உழைக்க முடியாத உடம்பு, போதும். நூறு நாள் வீரர்களும் அதில் நுழைந்துவிட்டார்கள். அதனால் விண்ணப்பம் போடாத ஆளைத்தான் தேட வேண்டியிருக்கும். மருத்துவர் சான்றிதழில் மனித உருவம் ஒன்றை அச்சிட்டிருப்பார்கள். குண்டு பட்ட இடத்தை டாக்டர் பேனாவால் அதில் குறித்திருப்பார். உயரம், எடை, நாடித்துடிப்பு எல்லாம் இருக்கும்.

அதைவிட விதவையின் விண்ணப்பம். கல்யாணம் ஆனதற்கும் பிள்ளைகள் பிறந்ததற்கும் ஆதாரம் கேட்டார்கள். பதிவு அலுவலகம் இல்லாத ஊர்களில் மருத்துவச்சியும் பக்கத்து வீட்டாரும் வந்து சத்தியம் செய்து சொன்னார்கள். குடும்ப பைபிளில் பிறந்த நாள் எழுதிய பக்கத்தையே கிழித்து அனுப்பினார்கள். அந்தப் பக்கம் இன்றும் கோப்பில் கிடக்கும். மகனை இழந்த தாய், அவன்தான் பணம் அனுப்பினான் என்று காட்ட, அவன் முகாமிலிருந்து எழுதிய கடிதத்தையே வைத்திருப்பாள். சந்தேகம் வந்தால் அரசு விசேஷ விசாரணை அதிகாரியை ஊருக்கே அனுப்பியது. அவர் எடுத்த வாக்குமூலங்களில் அந்த மனிதர்களின் பேச்சு கிட்டத்தட்ட அப்படியே கேட்கும். வடபடையில் சேர்ந்த கறுப்பின வீரர்கள் சுமார் 1,79,000 பேர், அவர்களில் பலர் அடிமைத்தளையிலிருந்து வந்தவர்கள். அடிமையாக இருந்தவர்களின் கல்யாணத்தைச் சட்டம் ஏற்காததால் தாளில்லை. அந்தக் குடும்பங்களின் வரலாறு பல நேரம் இந்த வாக்குமூலங்களில் மட்டுமே இருக்கிறது.

கோப்பு இருக்கிறதா என்று முதலில் பென்ஷன் அட்டவணையைப் பாருங்கள். ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் இலவசக் கணக்கு போதும். அட்டையில் வீரர் பெயர், படைப்பிரிவு, விண்ணப்பித்த தேதி, எந்த மாநிலத்திலிருந்து, விண்ணப்ப எண், சான்றிதழ் எண். வீரருக்கு ஒரு வரி, விதவைக்கு ஒரு வரி, மைனர் பிள்ளைகளுக்கு ஒரு வரி. விண்ணப்ப எண் மட்டும் இருந்து சான்றிதழ் எண் காலியாக இருந்தால் பென்ஷன் கிடைக்கவில்லை என்று அர்த்தம். வருத்தப்படாதீர்கள், அந்தக் கோப்பிலும் வாக்குமூலங்கள் இருக்கலாம். எல்லா எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். சான்றிதழ் எண்ணுக்கு முன் 'எக்ஸ்சி' அல்லது 'சி' என்று இருந்தால் கோப்பு வாஷிங்டனில் இல்லாமல் வேறிடத்தில் இருக்கலாம். ஆர்டர் போடும் முன் காப்பகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.

ஆர்டர் இணையத்திலேயே போடலாம். சேவைக் கோப்புக்குப் படிவம் 86, பென்ஷனுக்கு 85. சேவைக் கோப்பு 30 டாலர். பென்ஷன் முழுக்கோப்பு முதல் 100 பக்கம்வரை 80 டாலர், அதற்கு மேல் பக்கத்துக்கு 70 சென்ட். கட்டணம் மாறும், போடுகிற அன்று சரிபாருங்கள். 30 டாலருக்குத் 'தேர்ந்தெடுத்த பென்ஷன் தாள்கள்' என்று ஒன்று உண்டு. வேண்டாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று அங்கே இருப்பவர் முடிவு செய்வார். பைபிள் பக்கம் விட்டுப்போகலாம்.

வாஷிங்டன் போக முடிந்தால் நேரில் போவதே நல்லது. பாஸ்போர்ட்டைக் காட்டினால் ஆய்வாளர் அட்டை இலவசமாகத் தருவார்கள். பேனா கூடாது, பென்சில்தான். போனில் படம் எடுக்கலாம், ஃப்ளாஷ் கூடாது. ஒரு பைசா செலவில்லாமல் முழுக்கோப்பும் கையில்.

செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள படைவீரர் ஆவண மையத்துக்கு எழுதச் சொல்லி யாராவது சொல்வார்கள். 1973-ல் அங்கே எரிந்தது இருபதாம் நூற்றாண்டுக் கோப்புகள். 'எல்லாம் எரிந்துபோச்சு' என்று பதில் வந்தால் நம்பி நின்றுவிடாதீர்கள். உள்நாட்டுப் போர்த் தாள்கள் வாஷிங்டனில் பத்திரமாக இருக்கின்றன. அவர் தென்படையில் இருந்தது தெரியவந்தால் மட்டும் வழி மாறும். அவர்களுக்கு மத்திய அரசு பென்ஷன் கொடுக்கவில்லை, தென் மாநிலங்கள் கொடுத்தன. எந்த மாநிலப் படையில் இருந்தார் என்பதல்ல, வயதான காலத்தில் எங்கே குடியிருந்தார் என்பதை வைத்து அந்த மாநில ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும்.

தபால் வழியில் கோப்பு வர வாரக்கணக்கில் ஆகும், மாதங்களும் ஆகலாம். மே கடைசித் திங்கட்கிழமைக்குள் வராமல் போகலாம். அன்றைக்குக் கல்லின் படமும் பென்ஷன் அட்டையின் அச்சுப்படியும் பாட்டி கையில் கொடுங்கள். அட்டையில் விதவை பெயர் இருக்கும் வரியைப் பெரிதாக்கி அச்சடியுங்கள். 91 வயதுக் கண்ணுக்கு அந்தக் கையெழுத்து தெரியாது. ஆர்டர் படிவத்தில் விதவை பெயர் கேட்கும் கட்டத்தையும் அப்படியே நிரப்புங்கள், காலியாக விட்டால் ஒரே பெயருள்ள வேறு ஒருவரின் கோப்பு வந்துசேரலாம்.