பேராசிரியர் பேசுவதையெல்லாம் எழுத வேண்டுமா?

கேள்வி: தங்கச்சிமடத்திலிருந்து தினமும் ராமநாதபுரம் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய் வருகிறேன். பி.எஸ்ஸி. விலங்கியல், முதலாமாண்டு. பிளஸ் டூ வரை தமிழ்வழிதான். இங்கே ஆங்கிலத்தில் வேகமாக நடத்துகிறார்கள். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் மூன்று வரி போய்விடுகிறது. எழுதியதை ராத்திரி எடுத்துப் பார்த்தால் எனக்கே புரிவதில்லை. போனில் ரெக்கார்ட் செய்யலாமா? நோட்ஸைத் தமிழில் எழுதினால் தப்பா?

பதில்: பாடம் நடத்துகிறவர் நிமிடத்துக்கு 120 முதல் 150 சொல் வரை பேசுவார். கையால் எழுதுகிறவருக்கு 20, 25 சொல் வந்தாலே நல்ல வேகம். ஆக, சொன்னதை அப்படியே பிடிப்பது ஆங்கிலவழியில் படித்த பக்கத்து பெஞ்சுப் பெண்ணுக்கும் முடியாத காரியம். உங்களுக்குக் கூடுதலாக நேரம் தின்பது ஸ்பெல்லிங். அதை வகுப்பில் யோசிக்கவே யோசிக்காதீர்கள்; காதில் விழுந்தபடி தமிழிலேயே கிறுக்கிவிட்டு அப்புறம் சரிபாருங்கள்.

தமிழில் எழுதுவது தப்பே இல்லை. கலைச்சொல் ஆங்கிலம், விளக்கம் தமிழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரிந்தால்தான் தமிழில் எழுத வரும். வரவில்லை என்றால் அந்த இடம் புரியவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். ஆங்கிலத்தைக் காப்பியடித்தால் அது தெரியாது.

ஒரு உதாரணம். பவளப்பாறை பற்றிப் பத்து நிமிடம் பேசுகிறார் என்று வையுங்கள். உங்கள் ஊருக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவில் கிடப்பதுதான். நோட்டில் இவ்வளவு போதும்:

பவளம் – பாறை இல்லை, விலங்கு. பாலிப்.
உள்ளே பாசி: ஸூசாந்... (ஸ்பெல்லிங் பார்க்க). கண்ணுக்குத் தெரியாதது, நம்மூரில் எடுக்கிற பாசி அல்ல.
பாசி தருவது: உணவு, நிறம். பெறுவது: இடம், கார்பன் டை ஆக்சைடு.
கடல் சூடு கூடினால் → பாசி வெளியேறும் → பவளம் வெளுக்கும். உடனே சாகாது. ஏன்??
2016, மன்னார் வளைகுடா: வெளுத்தது.

இதில் விலை மதிப்புள்ள இடம் அந்த இரண்டு கேள்விக்குறிதான். வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம் “புரியல சார்” என்றால் அவர் எங்கிருந்து ஆரம்பிப்பார், பாவம்? “பாசி போன பிறகும் பவளம் ஏன் உடனே சாகல சார்?” என்று கேட்டால் அரை நிமிடத்தில் பதில் வரும்: சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பக் குடியேறும், வாரக்கணக்கில் நீடித்தால் பட்டினியில் பவளம் சாகும்.

சரி, எதை எழுதுவது, எதை விடுவது? சின்னச் சொற்களுக்குக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். “த்ரீ ரீசன்ஸ்” என்றால் உடனே 1, 2, 3 போட்டு இடம் விடுங்கள். இரண்டாவதைத் தவறவிட்டாலும் தவறியது தெரியும். “ஹவெவர்” வந்தால் பேச்சு திரும்புகிறது. “தேர்ஃபோர்” வந்தால் முடிவு வருகிறது, அதை எழுதியே ஆக வேண்டும். போர்டில் எழுதுவது, இரண்டு முறை சொல்வது, குரலை இறக்கி நிதானமாகச் சொல்வது எல்லாம் அப்படித்தான். கதை, உதாரணம் வரும்போது பேனாவை வைத்துவிட்டுக் கேளுங்கள். ஒரு சொல் குறித்தால் போதும்.

பக்கத்தின் இடதுபுறம் மூன்றில் ஒரு பங்கைக் கோடு போட்டுக் காலியாக விடுங்கள். 1950களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்பவர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது. கோடு போடுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். வேலையே அதற்குப் பிறகுதான். படித்தது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக மறந்துபோகும் என்று 1885லேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே சோதித்துப் பார்த்து எழுதிவிட்டார். அதனால் ராத்திரி வரை காத்திருக்க வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஐந்து நிமிடத்தில் விட்டுப்போன சொற்களை நிரப்பி, இடதுபுறம் கேள்விகளாக எழுதுங்கள்: “பாசி எதற்கு?”, “ஏன் வெளுக்கிறது?” ஓடும் பஸ்ஸில் எழுத வராது, சொல்லிப் பார்க்கலாம். வலதுபுறத்தைக் கையால் மூடிக்கொண்டு மண்டபம் வரும் வரை ஒவ்வொன்றாகப் பதில் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பவர்களைவிட இப்படித் தங்களையே சோதித்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்ததாக ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006ல் காட்டினார்கள். உட்கார இடம் கிடைத்தால்தான் இதெல்லாம் என்பது எனக்கும் தெரியும். நின்றுகொண்டே போகும் நாளில் மனதுக்குள் மூன்று கேள்வி போதும்.

ரெக்கார்டிங்? அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஆனால் ஒரு மணி நேர வகுப்பைக் கேட்க மறுபடி ஒரு மணி நேரம் வேண்டும், அதை யாரும் கேட்பதில்லை. கேள்விக்குறி போட்ட இடத்தில் மணி எத்தனை என்று குறித்தால் அந்த இடத்தை மட்டும் கேட்கலாம்.

முந்தைய நாள் ராத்திரி ஒரு வேலை உண்டு. தமிழக அரசின் பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடநூல்கள் இரண்டு மொழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாளைய தலைப்புக்கு நெருக்கமான பாடத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கலைச்சொற்களை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். மறுநாள் அதே சொல் காதில் விழும்போது தடுமாற்றம் பாதி குறையும்.

இன்னொன்று: ஆங்கிலவழியில் சேர்ந்திருந்தாலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத விடுமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2023ல் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் கல்லூரியில் நடைமுறை என்ன என்று இந்த வாரமே துறைத்தலைவரிடம் கேட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றால், சனி, ஞாயிறில் அந்த இடதுபுறக் கேள்விகளில் இரண்டை எடுத்து ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதிப் பழகுங்கள்.