விமான போல்ட்டுக்கு எதற்கு இத்தனை காகிதம்?

"அளவு சரியாக இருந்தால் போதாதா, ஒரு போல்ட்டுக்குக்கூடச் சான்றிதழ் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 'அளவு சரி' என்பதில்தான் சிக்கலே.

1990 ஜூன் 10. பர்மிங்காமிலிருந்து மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 17,000 அடியைத் தாண்டியதும் கேப்டன் பக்கத்து முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடம்பு வெளியே. பணியாளர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட அத்தனை பேரும் பிழைத்தார்கள், நம்பத்தான் முடியாது!

அந்தக் கண்ணாடியை முந்தைய நாள்தான் மாற்றியிருந்தார்கள். 90 போல்ட்டில் 84-இன் விட்டம் சுமார் 0.66 மி.மீ. குறைவு, மீதி 6 நீளத்தில் குட்டை. மாற்றியவர் அனுபவசாலி. ஆனால் பாகப் பட்டியலைப் பார்க்காமல், கழற்றிய போல்ட்டைக் கையில் வைத்துக் கண்ணளவில் ஜோடி தேடினார். கழற்றியதே தவறான போல்ட் என்பது இன்னும் கொடுமை. ஸ்டோரில் இருந்தவர் சரியான எண்ணைச் சொல்லியும் கேட்கவில்லை. இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்ற விதி அந்த வேலைக்கு இல்லை.

சரி, சான்றிதழுக்கு வருவோம். இந்தியாவில் விமானப் பாகங்களோடு பொதுவாக 'சிஏ ஃபார்ம் 1' என்ற சான்றிதழ் வரும்; போல்ட் போன்ற பொதுத்தரப் பாகங்களுக்கு, உரிய தரத்துக்கு ஏற்றது என்ற சான்று போதும். பாகத்தின் எண், தொகுதி எண் (ஒரே தடவையில் தயாரானவற்றுக்கான எண்), சான்றளித்து அனுப்பிய நிறுவனம் எல்லாம் இந்தக் காகிதங்களில் இருக்கும். ஒரு தொகுதியில் உலோகக் குறை தெரிந்தால், அது எந்தெந்த விமானத்தில் இருக்கிறது என்று தேடிக் கழற்ற இந்தப் பதிவுகள்தான் வழி. கடை போல்ட்டில் அந்த வசதி கிடையாது.